பேச்சியம்மாள் சேர்த்த வாஷிங் மெஷின்கள்

பேச்சியம்மாள் அக்கா இறந்துபோன செய்தி, கழுகுமலையிலிருந்து கோவில்பட்டிக்கு வந்துகொண்டிருந்த பேருந்தில் எனக்குக் கிடைத்தது. காலை பத்து மணி இருக்கும். அவருடைய மகள் மாரிச்செல்வி போனில், "சிஸ்டர், அம்மா போயிட்டாவ" என்றாள். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாராம். எழுபத்தொரு வயது.

எனக்கு அழுகை வருவதற்குள் இன்னொரு செய்தி வந்துவிட்டது. எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவர் படத்தைப் போட்டு, "பழைய வாஷிங் மெஷின் பாட்டி காலமானார்" என்று எழுதியிருந்தார்கள். கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. ஒருவர் மட்டும் மெனக்கெட்டு, "பாவம், கொஞ்சம் மூளை சரியில்லாதவங்க. ஆனா யாருக்கும் தொந்தரவு இல்ல" என்று இரங்கல் தெரிவித்திருந்தார்.

அந்த வரியைப் படித்த பிறகு எனக்கு அழத் தோன்றவில்லை. அக்காவை அறிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மருத்துவமனையில் பார்த்திருப்பீர்கள், லோடு ஆட்டோவில் ஒரு துருப்பிடித்த மெஷினை அணைத்துப் பிடித்தபடி போவதைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அவர் மூளை எவ்வளவு சரியாக இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நானும் அவரும் கோவில்பட்டியில் ஒரே மருத்துவமனையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தோம். நான் பிரசவ வார்டில் நர்ஸ். அவர் சலவை அறையில். என்னை விடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் கடைசி வரை என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில், ஊருக்குத் துணி வெளுக்கிற குடும்பத்தில் பிறந்தவர். பிரசவ வீட்டுத் துணி, சாவு வீட்டுத் துணி, வயதுக்கு வந்த பெண்ணின் துணி என்று ஊரார் தொடக் கூசியதையெல்லாம் அவருடைய அம்மா மூட்டையாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போவார். சாயங்காலம் வீடு வீடாகப் போய்ப் புறவாசலில் நின்று சோறு வாங்கி வர வேண்டும். ஆறு வயதிலிருந்து அக்காவும் கூடப் போயிருக்கிறார். "எட்டு வீட்டுக் கொழம்பும் ஒரே சட்டிக்குள்ள விழும் சிஸ்டர். எந்த வீட்டுக் கொழம்புக்கு என்ன ருசின்னே எங்களுக்குத் தெரியாது" என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸில் சாம்பாரைத் தனியாகவும் பொரியலைத் தனியாகவும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். எப்போதும் அப்படித்தான் சாப்பிடுவார்.

மருத்துவமனைக்கு வந்தும் வேலை மாறவில்லை. சிமெண்ட் தொட்டியில் பிரசவ வார்டுத் துணிகளை ஊறப்போட்டுக் கையால் கசக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் பட்டு அவர் விரல் நுனிகள் எப்போதும் வெடித்திருக்கும். பிறகு ஒரு நாள், கண்ணாடிக் கதவு வைத்த பெரிய மெஷின் ஒன்று வந்து இறங்கியது. முதல் முறை ஓட்டியபோது அக்கா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர், கடைசிச் சுற்று முடிகிற வரை எழுந்திருக்கவில்லை. அந்த வழியாக வந்த டாக்டர், "என்ன பேச்சியம்மா, உள்ள சினிமாவா ஓடுது?" என்றார்.

"ரத்தத் துணி சார். யாரு கையும் படாமச் சுத்துது. அதத்தான் பாக்கேன்" என்றார் அக்கா.

டாக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த மெஷினை அவர்தான் ஓட்டினார். ரிப்பேர் பார்க்க வருகிற மெக்கானிக்கின் பக்கத்திலேயே நின்று பெல்ட் மாற்றுவது, கெப்பாசிட்டர் மாற்றுவது, எங்கள் ஊர் உப்புத் தண்ணீரால் டிரம்மில் படிகிற வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி எடுப்பது என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். நான்கு வருடத்தில் மெக்கானிக் வருவதே நின்றுபோயிற்று. அதற்காக யாரும் அவரைப் பாராட்டியதாக எனக்கு நினைவில்லை.

அவர் ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்திச் சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்குள் புது மெஷின் வந்துவிட்டதால் பழையது ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் வெயிலில் கிடந்தது. அக்கா கடிகாரத்தை மேசை மீது வைத்துவிட்டு, "இது வேண்டாம் சார். அந்தப் பழைய மெஷினத் தருவீங்களா?" என்று கேட்டார்.

"என்னம்மா, பேரீச்சம்பழத்துக்குப் போடப் போறியா?" என்றார் மேனேஜர். கூட்டம் சிரித்தது.

"ஓட்டப் போறேன்" என்றார் அக்கா.

அப்படித்தான் முதல் மெஷின் வந்தது. நாங்கள் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் ஒன்று மூடிக்கிடந்தது. அதன் முதலாளி, தன் பேரப்பிள்ளை பிறந்தபோது வார்டில் அக்கா செய்த உதவியை நினைத்து, குச்சி காயப்போடும் ஷெட்டை வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த ஷெட்டில் ஒன்பது ஆண்டுகளில் பதினொரு மெஷின்கள் சேர்ந்தன. ஒன்று கூட ஓடாமல் கிடந்ததில்லை.

பழைய வீட்டைப் பார்த்தால் எல்லோரும் தேக்குக் கதவையும் தூணையும் பார்ப்பார்கள். அக்கா குளியலறைப் பக்கச் சுவரைப் பார்ப்பார். தரைக்கு ஒரு சாண் மேலே குழாய் போகிற அளவுக்கு ஓட்டை இருந்தால், "இங்கன ஒரு மெஷின் நின்னுருக்கு சிஸ்டர்" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள், ரயில்வேயில் பெரிய வேலை பார்த்தவர்கள், மகன் துபாயில் இருப்பவர்கள் என்று வீடுகளை மனதில் வைத்திருப்பார். சமையலுக்கு வருகிற பெண்களிடம் விசாரிப்பார். எலெக்ட்ரிக் கடைகளில் நின்று, யார் வீட்டிலிருந்து எது வந்தது என்று கேட்பார். சனிக்கிழமைகளில் நான் கூடப் போவேன். எனக்கு முதலில் அது பொழுதுபோக்கு.

கழுகுமலையில் ஒரு வீட்டில், இரண்டு தொட்டி கொண்ட மெஷின் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். ஒரு தொட்டி துவைக்க, மற்றது பிழிய. அந்த வீட்டில் கோமதியம்மாள் என்ற ஐம்பத்தைந்து வயதுப் பெண் இருந்தார். மெஷின் நடு ஹாலில் இருந்தது. பின்னல் துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் பூஞ்சாடி வைத்திருந்தார்கள். கல்யாணமான புதிதில் கணவர் வாங்கி வந்தாராம். மெஷினில் துவைக்கிறவள் ஒரு மருமகளா என்று மாமியார் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு நாளும் சுவிட்சைப் போட்டதில்லை. முப்பது வருடம் வருகிறவர்கள் பார்ப்பதற்காக நின்றிருக்கிறது.

"ஓடுமான்னு பாக்கட்டுமா?" என்று கேட்டார் அக்கா.

பின்பக்கத் தகட்டைக் கழற்றி, எலி கடித்த வயரை மாற்றி, இற்றுப்போன பெல்ட்டுக்குப் பதிலாகக் கையோடு கொண்டுவந்திருந்த பெல்ட்டை மாட்டினார். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம். கோமதியம்மாள் உள்ளே போய்த் தன் சேலை ஒன்றை எடுத்து வந்து போட்டார். மெஷின் ஒரு முறை உறுமிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. அந்த அம்மா இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "இவ்வளவுதானா? இதுக்கா நான் முப்பது வருசம் குனிஞ்சு கெடந்தேன்?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. மெஷினைக் கொடுக்க முதலில் மனம் வராதவர், அது ஓடி முடிந்ததும், "எடுத்துட்டுப் போங்க. இதப் பாத்தா எனக்கு வயிறு எரியுது" என்றார்.

புறப்படும் முன் அக்கா வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். எந்த வீட்டிலும் கேட்காமல் வந்ததில்லை. "இந்த மெஷின் வாரதுக்கு முன்னால இந்த வீட்டுத் துணிய யாரு தொவச்சா? அவிய பேரு என்ன?"

மெஷின் எந்த ஊரில் வாங்கியது, எந்தக் கப்பலில் வந்தது, யார் தூக்கி வந்தார்கள் என்பதெல்லாம் எல்லா வீட்டிலும் தெரிந்திருந்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் யோசிப்பார்கள். "யாரோ ஒருத்தி வருவா" என்பார்கள். அக்கா விடமாட்டார். எந்தத் தெருவிலிருந்து வந்தார், பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, தேவைப்பட்டால் அந்தத் தெருவுக்கே போய் விசாரிப்பார். பெயர் கிடைத்ததும் ஒரு சீட்டில் எழுதி, மெஷின் மூடியின் உட்பக்கம் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளை வைத்துவிடுவார். கோமதியம்மாளுக்குப் பெயர் தெரிந்திருந்தது. இசக்கியம்மாள். அக்கா அதைக் கேட்டதும் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் கேட்டதும் சொன்னீங்க" என்றார்.

சிலர் அவரிடம், "குடிக்கவே தண்ணி இல்லாத ஊர்ல மெஷினுக்கு எங்கம்மா தண்ணி?" என்று கிண்டல் செய்வார்கள். ஒரு டீக்கடையில் என் காதுபட அவர் சொன்ன பதில் இது: "கோடையில ஊருணி வத்திப்போனா எங்கம்மா மூணு மைலு கழுதையோட நடந்து, தண்ணி கெடக்க எடத்துல தொவச்சுக் கொண்டாருவா. அப்ப ஒங்க வீட்டுல ஒருத்தரும் தண்ணி இல்ல, இன்னைக்குத் தொவைக்காண்டாம்னு சொல்லலியே அண்ணாச்சி."

பெண்கள் தின விழா ஒன்றுக்கு அவரை அழைத்தார்கள். மூன்று மெஷின்களைக் கொண்டுபோய் மண்டப வாசலில் வைத்திருந்தோம். மேடையில் பேசியவர், "சலவைத் தொழில் குடும்பத்தில் பிறந்து, இந்த வயதிலும் தன் குலத்தொழிலை மறக்காத அம்மா" என்று அறிமுகம் செய்து கை தட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். அக்கா மைக்கை வாங்கினார். அவர் குரல் உயரவேயில்லை.

"அய்யா தப்பாச் சொல்லுதாவ. நான் அந்தத் தொழில மறக்கத்தான் இந்த மெஷினெல்லாம் சேத்தேன். நீங்க யாரும் மறந்துரக் கூடாதுன்னுதான் மூடிக்குள்ள பேரு எழுதி வச்சிருக்கேன். மூணு மெஷின் வெளிய நிக்கி. போகும்போது தெறந்து பாருங்க."

இறங்கி வந்துவிட்டார். போர்த்திய சால்வை நாற்காலியிலேயே கிடந்தது. போகும்போது திறந்து பார்த்தவர்கள் நான்கைந்து பேர். மற்றவர்கள் மெஷினோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள்.

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றியது. ஊரார் மீது கோபப்படுகிற தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் தாய்மாமா வீட்டில் ஒரு மெஷின் இருந்தது. நாங்கள் சம்சாரிக் குடும்பம், சொந்த நிலத்தில் விவசாயம் செய்கிறவர்கள். அம்மா சீக்கிரம் இறந்துவிட்டதால் நான் பன்னிரண்டு வயது வரை அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். நான் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, மாமாவின் பங்காளி ஒருவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது அது. கையால் சுற்றுகிற அலுமினியத் தொட்டி, துணி பிழிய மேலே இரண்டு ரப்பர் உருளைகள். மின்சாரமே வேண்டாம். அக்கா அதுவரை பார்க்காத வகை. நானே ஆசையாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

மாமாவுக்கு எண்பத்தைந்து வயது. கண் நன்றாகத் தெரியும். அக்கா யாரென்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும், அவர் முன்னாலேயே என்னிடம், "ஏட்டி, இவள எதுக்கு முன்வாசல் வழியாக் கூட்டியாந்த? தொழுவத்துலதான கெடக்கு. பின்னால சுத்தி வரச் சொல்லு" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர், வயதானவர் என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்கா இறங்கிப் பின்பக்கம் சுற்றி வந்தார். தொழுவத்தில் அந்தத் தொட்டிக்குள் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை போட்டு வைத்திருந்தார்கள். அக்கா அதை அள்ளிச் சாக்கில் போட்டுவிட்டு, கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"இது வாரதுக்கு முன்னால இந்த வீட்டுக்கு யாரு தொவச்சா?"

"வெளுக்கிறவதான். வேற யாரு?"

"அவிய பேரு?"

"பேரு என்னத்தக் கண்டோம். ஏட்டின்னு கூப்புட்டா வருவா."

அக்கா என் பக்கம் திரும்பினார். நான் அந்த வீட்டில் வளர்ந்தவள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு அந்தப் பெண்ணை நன்றாக நினைவிருந்தது. ஒல்லியாக, கொஞ்சம் இருமிக்கொண்டே வருவார். துணி மாறிவிடாமல் இருக்க என் பாவாடை நாடாவில் சேங்கொட்டைச் சாற்றால் அவர் வைக்கிற இரண்டு புள்ளிகள் கூட நினைவிருந்தன. நான் பெரியவளானபோது என் துணிகளை எடுத்துப்போனவர் அவர். பெயர் மட்டும் எனக்குத் தெரியவில்லை. மறந்துபோகவில்லை, நான் கேட்டதே இல்லை.

திரும்பி வரும்போது அக்கா, "மாமா சொன்னதுக்கு எனக்கு வருத்தம் இல்ல சிஸ்டர். அந்த மாதிரி எத்தனையோ கேட்டாச்சு. நீங்க பதில் சொல்லாம நின்னீங்க பாத்தீங்களா, அதுதான்" என்றார். ஷெட்டுக்கு வந்ததும் சீட்டை எடுத்தார். எதுவும் எழுதாமல் வெறுமனே ஒட்டினார். "தெரிஞ்சா வந்து சொல்லுங்க" என்றார்.

மூன்று வருடம் ஆயிற்று. அந்த ஊர் இங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். நான் போகவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

அக்கா இறந்த எட்டாம் நாள் மாரிச்செல்வி பதறிக்கொண்டு கூப்பிட்டாள். ஷெட்டுக்குள் ஆட்கள் போயிருக்கிறார்கள் என்றாள். ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கேஸ் கட்டர் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மெஷின்கள் தகடாகவும் கம்பியாகவும் பிரிந்து லாரியில் ஏறிவிட்டன. மூன்று மிச்சம். மருத்துவமனை மெஷின், கனமாக இருந்ததால். கோமதியம்மாள் கொடுத்ததும் மாமா வீட்டுத் தொட்டியும், ஷெட்டின் கடைசி மூலையில் இருந்ததால். அந்த எட்டின் பிளாஸ்டிக் மூடிகளையெல்லாம் முதலிலேயே கழற்றி வேறு வண்டியில் அரைக்க அனுப்பிவிட்டிருந்தார்கள்.

ஷெட்டைக் கொடுத்த பெரியவர் போன வருடமே காலமாகிவிட்டார். அவருடைய மகன் வாசலில் நின்றிருந்தார். மாரிச்செல்வி அவரிடம், "ஒரு வார்த்த கேட்டீங்களா அண்ணாச்சி? இன்னும் பதினாறு கூடக் கழியலியே" என்றாள்.

"எனக்கு எடம் வேணும்மா. பழைய இரும்புதான. அதுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"பேரு இருந்துச்சு" என்றாள் மாரிச்செல்வி. அவருக்குப் புரியவில்லை. கட்டர் வைத்திருந்தவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆமாக்கா, ஒட்டிருந்தது. கம்பெனி பேருன்னு நெனச்சேன்" என்றார்.

மிச்சமிருந்த மூன்றையும் அன்றைக்கே என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முன்வாசல் வழியாகத்தான் ஏற்றினோம். என்னைப் பார்க்க வந்திருந்த என் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். "செத்தவ சாமான நடுவீட்டுலயா வைக்கிறது?" என்றார். "இங்கதான் வைக்கப் போறேன். பிடிக்காட்டி நீங்க பின்பக்கமா வந்து போங்க" என்றேன். இதைச் சொல்ல எனக்கு அறுபத்தொரு வயதாக வேண்டியிருந்தது. அதைக் காதால் கேட்க வேண்டிய அக்கா இல்லை.

நானும் மாரிச்செல்வியும் உட்கார்ந்து அரைபட்டுப்போன மூடிகளில் இருந்த பெயர்களை யோசித்து எழுதினோம். அவளுக்கு ஐந்து நினைவிருந்தது. எனக்கு இரண்டு. முத்துப்பேச்சி, வெயிலாச்சி, சண்முகத்தாய், காளியம்மாள், உச்சிமாகாளி, லட்சுமியம்மாள், பூவம்மாள். ரயில்வேக்காரர் வீட்டு மெஷினில் இருந்த பெயர் எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. அந்த வீட்டுக்காரர்களும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். அக்கா எங்கெங்கோ அலைந்து கண்டுபிடித்த பெயர் அது.

போன வாரம் மாமா ஊருக்குப் போனேன். மாமா வீட்டுக்குப் போகவில்லை. நேராக வெளுக்கிறவர்கள் இருக்கும் காலனிக்குப் போய் விசாரித்ததில், எனக்குத் துணி வெளுத்தவரின் மகள் இருப்பது தெரிந்தது. என் வயதுதான் இருக்கும். நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது. உட்காரச் சொல்லவில்லை. வந்த காரணத்தைச் சொன்னேன்.

"எங்கம்மா செத்து முப்பது வருசமாச்சு. இருக்கும்போது ஒங்க வீட்டுல ஒருத்தரும் பேரு கேக்கல. இப்ப ஒரு மெஷின்ல எழுதிட்டா எல்லாம் சரியாப் போச்சா?"

"சரியாகாது" என்றேன். அக்காவைப் பற்றிச் சொன்னேன். அக்காவின் அம்மா தலையில் சுமந்த மூட்டையைப் பற்றி, எட்டு வீட்டுக் குழம்பைப் பற்றி, மேடையில் அவர் பேசியதைப் பற்றி. அந்தப் பெண் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் விடைபெற்றுக்கொண்டு படியிறங்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"சொர்ணத்தம்மாள். ரேஷன் கார்டுல சொர்ணம்னு பாதிதான் போட்டிருந்தாவ. நீங்க முழுசா எழுதுங்க."

முழுதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பேச்சியம்மாள் அக்காவிடமிருந்து மெஷின்கள் மூன்றுதான் எனக்கு மிஞ்சின. அவற்றை விட மேலாக நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய கோபத்தை. குரலை உயர்த்தாமல், நேருக்கு நேர் பார்த்து, பெயர் என்ன என்று கேட்கிற கோபம். இரங்கல் தெரிவித்த அத்தனை பேரிடமும் அதைக் கேட்கப் போகிறேன். உங்கள் வீட்டுக்கும் வருவேன். யோசித்து வையுங்கள்.